அந்தப் புல்லுல செருப்பைக் கழட்டாதீங்க

ஜூன் 4

தம்பி,

போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். உங்க குரலைக் கேட்டா திட்ட நெனச்சதெல்லாம் மறந்து அழுது தொலைச்சிடுவேன். அதனாலதான் கடையில உக்காந்து இதைத் தட்டிக்கிட்டு இருக்கேன். கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா எதிர்ல காத்துக்கிட்டு இருக்காங்க. இருக்கட்டும்.

"ஆபீஸ் வேலைக்கா, ஒரு வாரத்துல வந்துடுவேன்"னு சொல்லி வாண்டுவை என்கிட்ட விட்டுட்டுப் போனீங்க. சரி, தாயில்லாத புள்ளைய அவங்கப்பன் எத்தனை நாள்தான் தனியா பாப்பான், கொஞ்சம் மூச்சு விடட்டும்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில உங்க பத்திரிகைக்காரங்க ஒரு போட்டோ போட்டிருக்காங்க. பின்னால கடல், முன்னால ரிப்பன். நடுவுல என் தங்கச்சி புருஷன் நிக்கிறாரு. கையில கிளாஸு, கிளாஸுல குட்டியா ஒரு காகிதக் குடை.

அது எந்த இடம்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்த வாசல் வளைவு வெறும் கம்பியா நின்னப்பவே, அங்க வேலைக்குப் போயிருந்த என் தங்கச்சி சின்னவ எனக்குப் போட்டோ அனுப்பியிருக்கா. அன்னிக்கு அதுக்குக் கீழ முழங்கால் அளவு சேறு. இப்ப பூ கட்டி வெச்சிருக்கானுங்க.

கோல்ஃப் பத்தி எழுதுறவருக்கு உலகத்துல வேற மைதானமே கிடைக்கலையா? அவ கால்ல வெட்டுப்பட்ட அதே மண்ணுல போய் நின்னு பல்லைக் காட்டணுமா?

எதுக்குப் போனீங்கன்னு மட்டும் எழுதுங்க. புல்லு எத்தனை வகைன்னு ஆரம்பிச்சீங்கன்னா படிக்காமலே மூடிடுவேன்.

அக்கா


ஜூன் 5

அக்கா,

அந்தக் கிளாஸை வண்டியில இருந்து இறங்கின எல்லார் கையிலயும் கொடுத்தாங்க. நானும் வாங்கிக்கிட்டேன். குடிச்சேனான்னு ஞாபகம் இல்ல. இப்பல்லாம் யார் எதை நீட்டினாலும் கை தானா வாங்கிக்குது. பல்லைக் காட்டினேனான்னும் தெரியல. போட்டோக்காரர் "சார், சிரிங்க"ன்னாரு.

எடிட்டர் என்னை அனுப்பல. நானா கேட்டு வந்தேன். உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னு சொல்லல.

ஏழாவது கிரீன் அவ போட்டது. கிரீன்னா குழியைச் சுத்தி இருக்குற இடம், புல்லை ஒட்ட வெட்டி வெச்சிருப்பாங்க, கடைசியா பந்தை உருட்டிக் குழியில தள்ளுறது அங்கதான். மொத்தம் பதினெட்டு. அவ முதலாளி, அதான் மைதானம் வரையற நம்ம தொப்பிக்காரர், பதினேழை அவர் வரைஞ்சுட்டு ஒண்ணை மட்டும் அவகிட்ட விட்டாரு. அவ மண்ணைப் போட்டு, சரிவைப் பிடிச்சு, விதையும் தூவியாச்சு. புல்லு முளைக்கறதுக்குள்ள போயிட்டா. முளைச்சதை யாராவது ஒருத்தர் பாக்கணும்ல அக்கா. அதுக்குத்தான் வந்தேன்.

வாசல்ல பித்தளையில ஒரு பலகை அடிச்சிருக்காங்க. தொப்பிக்காரர் பேரு மட்டும் இருக்கு. கையால தடவிப் பாத்தேன், நல்ல வேலை, எழுத்து ஓரமெல்லாம் மழுங்கலா தேய்ச்சிருக்காங்க.

ரூம்ல கட்டில் மேல துண்டை அன்னப்பறவை மாதிரி மடிச்சு வெச்சிருந்தாங்க. அதைப் பிரிக்க மனசு வரல. சட்டையாலயே தலையைத் துவட்டிக்கிட்டேன்.

வாண்டு சாப்பிடுறாளா?


ஜூன் 5, சாயங்காலம்

தம்பி,

சாப்பிடுறா. கேள்வியைப் பாரு, "சாப்பிடுறாளா"ன்னு. ஹாஸ்டல்ல விட்ட புள்ளையா அவ?

அன்னப்பறவை, பித்தளைப் பலகை எல்லாம் படிச்சேன். உங்களுக்குக் கோபமே வராதா? பலகையில அவ பேரு இல்லன்னு பாத்துட்டு, எழுத்து நல்லா தேய்ச்சிருக்காங்கன்னு எழுதுறீங்க! நீங்க இன்ஜினியருக்குப் படிச்சது, சாக்கடைத் தண்ணி எங்க ஓடும்னு கணக்குப் போட்டது, அப்புறம் அதை விட்டுட்டுப் பத்திரிகைக்குப் போனது எல்லாம் எனக்குத் தெரியும். மனுஷனா எப்ப இருந்தீங்கன்னுதான் ஞாபகம் இல்ல.

எனக்கு ஞாபகம் இருக்குறதைச் சொல்றேன். உள்ளங்கால்ல சின்னதா ஒரு கீறல். "ஒண்ணுமில்லக்கா, தகரம் கிழிச்சிடுச்சு"ன்னு போன்ல சிரிச்சா. கழுவுறதுக்கு அங்க நல்ல தண்ணி இல்ல, ஒட்டுறதுக்குப் பிளாஸ்திரி இல்ல. மறுநாளும் அதே சேத்துல வெறுங்காலோட நின்னா. செருப்பை எதுக்குக் கழட்டினா அந்தக் கழுதை? அப்புறம் காய்ச்சல், அப்புறம் கிருமி ரத்தத்துல ஏறிடுச்சுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்றப்ப அவளுக்கு என்னை அடையாளம் தெரியல. என்னைப் பாத்து "சிஸ்டர், தண்ணி"ன்னா. அவ கடைசியா என்கிட்ட பேசினது அதுதான்.

அந்தப் புல்லு முளைச்சதை நீங்க போய்ப் பாத்துட்டீங்க. நல்லா செழிப்பா இருந்துச்சா?

இன்னொண்ணு. வாண்டு இன்னிக்குப் பல்லு விளக்குறப்ப என்னை "அம்மா"ன்னு கூப்பிட்டா. இத்தனை நாளா பெரியம்மா, பெரியம்மான்னுதான் கத்துவா. நான் திரும்பல. திரும்பியிருக்கணுமா? யாரைப் போய்க் கேக்கறது நான்?

அக்கா


ஜூன் 6

அக்கா,

அதைப் படிச்சேன், மறுபடி படிச்சேன். வேற ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்றேன்.

நேத்து திறப்பு ஆட்டம் நடந்தது. பெரிய ஆட்டக்காரர் ஒருத்தரைக் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. ரிசார்ட் முதலாளியும் கூடவே நடந்து வந்தாரு. ஆறு குழி வரைக்கும் ஒரே கைதட்டல். ஏழாவதுல அந்த ஆட்டக்காரர் பந்தை மெதுவாத்தான் தட்டினாரு. அது மேல ஏறி, குழி ஓரம் வரைக்கும் போய், யோசிச்சு, திரும்பி உருண்டு அவர் காலுக்கே வந்துடுச்சு. மறுபடி தட்டினாரு, மறுபடி வந்துச்சு. கூட்டத்துல ஒருத்தர் "நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே வருது சார்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. முதலாளி சிரிக்கல.

சாப்பாட்டு நேரத்துல மேனேஜர் என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. பத்திரிகைக்காரன்னு மட்டும் தெரியும்.

"ஏழாவதை மனசுல வெச்சுக்காதீங்க சார். விருந்தாளிங்க போனதும் தோண்டிச் சமமாக்கிடுவோம்."

"யாரு போட்டது?"ன்னேன்.

"யாரோ ஒரு பொண்ணு. அனுபவம் பத்தாது. மைதானத்தை வரைஞ்ச பெரியவரு பெரிய மனசு பண்ணி விட்டாரு, சொதப்பிடுச்சு."

நான் தலையாட்டினேன்.

அப்புறம் அவரே சொன்னாரு: "ஆனா ஒண்ணு, எங்க முதலாளி உங்க பத்திரிகையைத்தான் வேதம் மாதிரி படிப்பாரு. அந்தக் கிரீன் நல்லாத்தான் இருக்குன்னு நீங்க எழுதினீங்கன்னா மண்வெட்டி மேல கை வைக்க மாட்டாரு."

அதனால கேக்கறேன் அக்கா. இது அவ போட்டது, நீங்க அவ கூடப் பிறந்தவங்க. நான் புகழ்ந்து எழுதினா அது நிக்கும். எழுதலன்னா தோண்டிடுவாங்க. என்ன பண்ணட்டும்?


ஜூன் 6, சாயங்காலம்

தோண்டட்டும்! நல்லா ஆழமா தோண்டட்டும். அந்தக் குழியில அந்த மேனேஜரையும் போட்டு மூடட்டும்.

ஒரு விஷயம் கேக்கறேன், பதில் சொல்லு. "யாரோ ஒரு பொண்ணு, சொதப்பிட்டா"ன்னு ஒருத்தன் உன் முகத்துக்கு நேரா சொல்றான். நீ தலையாட்டினியா? உன் பொண்டாட்டிடா அவ! கழுத்துல தலைன்னு ஒண்ணு இருந்தா ஆட்டிக்கிட்டே இருக்கணுமா? யாரு எதை நீட்டினாலும் வாங்கிக்குவேன்னு எழுதினியே, இதையும் வாங்கிக்கிட்டு வந்துட்டியா?

இத்தனை வருஷத்துல உன்னை நான் நீ வா போன்னு சொன்னதில்ல. சொல்ல வெச்சுட்ட.

இப்ப நல்லா கேட்டுக்க. அந்த இடத்தைப் பத்திப் புகழ்ந்து ஒரு எழுத்து அச்சுல வந்துச்சுன்னா, வாண்டு இங்கயேதான் இருப்பா. என் வீட்டுப் பக்கத்துல ஸ்கூல் இருக்கு, நான் சேத்துக்கறேன். அவ அம்மாவைக் கொன்ன புல்லை அழகு அழகுன்னு எழுதிச் சம்பளம் வாங்குற அப்பன் அவளுக்கு வேண்டாம்.

கடையைச் சாத்தணும். பதில் எழுதாட்டியும் பரவாயில்ல.


ஜூன் 7

அக்கா,

எழுதுவேன். எழுதாம விடமாட்டேன்.

நீங்க நீ வா போன்னு சொன்னதுக்காக நான் சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்குத் தட்டுறது எல்லாம் தப்புத் தப்பா விழுது. எத்தனையோ மாசம் கழிச்சு இப்பத்தான் உடம்புல ஏதோ சுடுது. அது உங்க மேலதான் முதல்ல வந்துச்சு. மன்னிக்க வேணாம், படிங்க.

வாண்டு உங்க கடை ஷோகேஸுல இருக்குற ஃப்ரேமா, எடுத்து வெச்சுக்கறதுக்கு? என் பொண்ணு அவ. அவளுக்கு நான் சரியில்லன்னா என் சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க, ஸ்கூல் பேரைச் சொல்லி மிரட்டாதீங்க.

அவ என்ன வேலை செஞ்சான்னு உங்களுக்குத் தெரியுமா? "மண்ணு அள்ளப் போயிட்டா"ன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொன்னது அவளுக்குத் தெரியும். சிரிச்சுக்குவா. ஆனா ஒரு தடவை நீங்க வந்து பாக்கணும்னு இருந்தா. பாத்திருந்தீங்கன்னா, அவ ஏன் செருப்பைக் கழட்டினான்னு இப்படிக் கேக்க மாட்டீங்க. மட்டம் பாக்க நான் கருவி வெச்சு நிப்பேன். அவ செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு நடப்பா. "இங்க குதிகால் கீழ போகுது, இங்க சுண்டுவிரல் பக்கம் இழுக்குது"ன்னு சொல்லிக்கிட்டே போவா. அப்புறம் ஒரு சொம்புத் தண்ணியை ஊத்திட்டுக் குந்தி உக்காந்துக்குவா, அது போற வழியைப் பாத்துக்கிட்டே. கடைசியில என் கருவியும் அவ காலும் ஒரே கணக்குத்தான் சொல்லும். எனக்கு எரிச்சலா இருக்கும்.

இன்னிக்கு ஏழாவதுல போய் முழங்கால் போட்டு உக்காந்து பாத்தேன். முதல்லயே பாத்திருக்க வேண்டியது, வந்த அன்னிக்குப் பச்சையா இருக்குன்னு மட்டும்தான் கண்ணுக்குப் பட்டுச்சு. அலுமினியப் பட்டை ஒண்ணு வெச்சிருக்கேன், நடுவுல வாய்க்கால் மாதிரி இருக்கும். அதுல பந்தை வெச்சுத் தூக்கினா உருண்டு ஓடும். எவ்வளவு தூரம் ஓடுதோ அவ்வளவு வழுக்கல். விட்டேன். கண்ணாடித் தரையில ஓடுற மாதிரி ஓடிச்சு. புல்லை விலக்கிப் பாத்தா, புல்லே இல்ல அக்கா! போட்டோவுல பளபளன்னு தெரியணும்னு தோல் உரியற மாதிரி ஒட்ட வெட்டியிருக்கானுங்க, அது மேல உருளையையும் விட்டு அழுத்தியிருக்கானுங்க. அவ பிடிச்ச சரிவு கொஞ்சம் வளர்ந்த புல்லுக்கு. வரைபடத்துலயே புல்லு உயரம் குறிச்சிருந்தா, நானே பக்கத்துல இருந்து பாத்தேன். மத்த பதினேழும் தட்டையா கிடக்கு, அதனால அங்க எப்படி வெட்டினாலும் வெளிய தெரியல. இங்க தெரிஞ்சிடுச்சு. தப்பு சரிவுல இல்ல, கத்தியில இருக்கு. பழி மட்டும் அவ மேல.

நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். "அந்த யாரோ ஒரு பொண்ணு என் பொண்டாட்டி"ன்னேன். அவர் எழுந்து நின்னாரு, நாற்காலி பின்னால சாஞ்சு விழுந்துச்சு. "சார், உங்க துக்கம் எனக்குப் புரியுது"ன்னாரு.

"துக்கத்தை விடுங்க. புல்லை யாரு இப்படி வெட்டச் சொன்னது?"

"திறப்பு விழா சார்... கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும்னு..."

"அந்தக் கிரீனுக்கு அடியில தகரம் எப்படி வந்துச்சு?"

அவர் விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தப் போனாரு. எனக்குத் தெரியும். பழைய கொட்டகையை இடிச்சு, அள்ளிப் போடச் சோம்பல்பட்டு, சலிக்காத மண்ணோட அங்கயே கொட்டி மூடியிருக்கானுங்க. கிரீன் போடுற மண்ணைச் சலிக்கணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். "இங்க முதலுதவிப் பெட்டின்னு ஒண்ணாவது இருந்துச்சா?"ன்னேன். "அவங்க எங்க ஆள் இல்ல சார், கான்ட்ராக்ட்"ன்னாரு. அவர் மேஜை மேலயும் அதே மாதிரி மடிச்சு வெச்சிருந்த அன்னப்பறவைத் துண்டை எடுத்து அவர் மேல எறிஞ்சேன். அவ்வளவுதான் முடிஞ்சுது என்னால.

தலையாட்டிட்டு வந்தேன்னு திட்டினீங்களே. இப்ப ஆட்டல.


ஜூன் 8

தம்பி,

ராத்திரி பூரா உங்களைத் திட்டிக்கிட்டே புரண்டேன். ஃப்ரேம்னு சொல்லிட்டீங்கல்ல என் புள்ளையை. சரி, உங்க புள்ளையை. அதை நான் மறக்க மாட்டேன்.

இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, வாண்டுவைக் கடைக்குக் கூட்டிட்டு வந்திருந்தேன். நான் ஒருத்தருக்கு மூக்குக் கம்பியை வளைச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன், காலடியில ஈரமா இருக்கு. என்னடான்னு பாத்தா, குடிக்க வெச்சிருந்த தண்ணியை மொத்தமா தரையில ஊத்தி வெச்சிருக்கா. ஷோகேஸுக்கு அடியில ஒயர் எல்லாம் கிடக்கு! முதுகுல ஒண்ணு வெச்சேன். அழவே இல்ல. "சும்மா இருங்க பெரியம்மா, தண்ணி போகுது"ன்னா. குந்தி உக்காந்து, மோவாயை முழங்கால்ல வெச்சுக்கிட்டு, தண்ணி போற வழியையே பாத்துக்கிட்டு இருக்கா.

நீங்க நேத்து எழுதினதைப் படிக்கலன்னா எனக்கு அது என்னன்னு புரிஞ்சிருக்காது. சுட்டித்தனம்னு இன்னும் ஒண்ணு வெச்சிருப்பேன். கண்ணாடிக்கு வந்தவரு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, நானும் அவ பக்கத்துல ஈரத்துல உக்காந்துட்டேன். என் கடைத் தரை வாசல் பக்கம் சரியுதுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். சின்னவளை நான் திட்டலாம். செருப்பு போடாத கழுதைன்னு திட்டலாம், மண்ணு அள்ளப் போனான்னு சொல்லலாம், நான் அவ அக்கா. ஊர்ப்பட்டவன் புல்லைத் தப்பா வெட்டிட்டு என் தங்கச்சி சொதப்பிட்டான்னு சொல்லுவானா? சொல்லிட்டுத் தோண்டி மூடிட்டா அதுவே உண்மைன்னு ஆயிடும்ல? தோண்டட்டும்னு நான்தான் சொன்னேன். இப்ப வேண்டாங்கறேன். ஒரு பிடி மண்ணு எடுக்கக் கூடாது.

எழுதுங்க. அது நல்ல கிரீன்னு எழுதுங்க. ஆனா தகரத்தை எழுதாம அதை எழுதக் கூடாது. ரெண்டையும் தனித்தனியா எழுதினீங்கன்னா உங்க எடிட்டர் தகரத்தை வெட்டிட்டுப் புகழ்ச்சியை மட்டும் போட்டுடுவாரு, விளம்பரம் வருதுல்ல அவருக்கு. ஒரே வரியில எழுதுங்க. ஒண்ணை உருவினா இன்னொண்ணும் சரிஞ்சு விழணும். நீங்கதான் இன்ஜினியராச்சே, கட்டுங்க பாப்போம்.

அப்புறம், அந்தப் புல்லுல செருப்பைக் கழட்டாதீங்க. உங்களுக்கு அந்த ஆசை வரும்னு எனக்குத் தெரியும். தொலைச்சிடுவேன்.

அக்கா


ஜூன் 10

அக்கா,

எடிட்டர் போன் பண்ணினாரு. "நல்ல கட்டுரைப்பா, அந்த ஒரு வரி மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு, ரெண்டா பிரிச்சுக்கலாமா?"ன்னாரு. முடியாதுன்னேன். "முதல் பாதியை எடுத்துட்டா?"ன்னாரு. எடுத்துட்டா யாரு போட்ட கிரீன்னே இருக்காது, படிச்சுப் பாருங்கன்னேன். படிச்சாரு. "விளம்பரம் போயிடும்பா"ன்னாரு. என் பேரும் சேந்து போகும், எது வேணும்னு பாருங்கன்னேன். "அவ போனப்ப நான் வந்து உன்கிட்ட ஒரு வார்த்தை பேசல இல்ல"ன்னுட்டு வெச்சுட்டாரு. போடுவாரா மாட்டாரான்னு தெரியல.

அந்த வரி இதுதான்:

"இடித்த கொட்டகையின் தகரத்தைச் சலிக்காத மண்ணோடு கொட்டி மூடி, ஒரு முதலுதவிப் பெட்டிகூட வைக்காத இந்தத் தளத்தில், வெறுங்காலால் சரிவு பார்த்து, அந்தக் காலைக் கிழித்த தகரத்தாலேயே இறந்துபோன என் மனைவி போட்டுவிட்டுப் போன ஏழாவது கிரீன்தான், திறப்பு விழா மினுக்குக்காகப் புல்லை மழித்தவர்கள் இப்போது தோண்டத் துடிக்கும் அந்தக் கிரீன்தான், இங்கே இருக்கும் பதினெட்டிலும் சிறந்தது."

நீளமா இருக்குன்னு தெரியும். குட்டையா கட்ட முடியல.

இலவச ரூமைக் காலி பண்ணிட்டேன். வெளியில ஒரு லாட்ஜ்ல இருக்கேன், இங்க துண்டு வெறும் துண்டாவே இருக்கு. பொக்லைன் வந்துடுச்சு, கிரீன் ஓரத்துல நிக்குது. முதலாளி வாயைத் திறக்கட்டும்னு மேனேஜர் காத்திருக்காரு. இதழ் வர்ற வரைக்கும் நானும் இங்கயே இருக்கேன். காலையில போய் வண்டிக்கு முன்னால நிக்கறேன். டிரைவர் நல்ல மனுஷன். "எனக்கென்ன சார், நிக்கறதுக்கும் வாடகை வருது"ன்னாரு.

கழட்டல அக்கா. கழட்டத்தான் போனேன், நாடாவுல கை வெச்சேன், உங்க ஞாபகம் வந்துச்சு. இறுக்கி முடிச்சுப் போட்டுக்கிட்டேன்.


ஜூன் 13

தம்பி,

இதழ் வந்துடுச்சு. உங்களுக்கு அங்க வந்துச்சான்னு தெரியல. நான் கடையைக்கூடத் திறக்காம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வாங்கினேன். கட்டுரை பாதிக்குப் பாதி போயிடுச்சு. கடலைப் பத்தி நீங்க எழுதியிருந்தா அது இல்ல, ரூமைப் பத்தி இல்ல. அந்த வரி இருக்கு. முழுசா இருக்கு. கமா உட்பட இருக்கு.

படிச்சிட்டு அழல. கோபம்தான் வந்துச்சு. இன்னும் போகல, போகவும் வேண்டாம்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க வர்றவங்களுக்குப் படிச்சுப் பாக்க ஒரு அட்டை கொடுப்பேனே, "வானம் நீலமாக இருக்கிறது, பூனை பால் குடிக்கிறது"ன்னு எழுதியிருக்குமே, அதைத் தூக்கிப் போட்டுட்டேன். உங்க பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த இடத்துல வெச்சிருக்கேன். கண்ணாடி போட்டு விட்டு, "இந்த வரியைச் சத்தமா படிங்க"ங்கறேன். எழுத்து சரியான அளவு. இன்னிக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் நடுவுல நிறுத்திட்டாரு. தெரியலையா சார், பவர் மாத்தவான்னேன். "தெரியுதும்மா"ன்னாரு. அப்ப முடிங்கன்னேன். முடிச்சாரு.

வாண்டு பையை எடுத்து வெச்சுட்டேன். அனுப்பறேன்னு சொல்லல, எடுத்து வெச்சிருக்கேன். வாங்க, ஃப்ரேம் விஷயத்தைப் பேசி முடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க. வர்றப்ப அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிட்டு வாங்க, கெட்டியான அடி வெச்சதா. பழசு பத்தல, விரலு முட்டுது.

அந்த பொக்லைன் நகர்ந்துச்சுன்னா உடனே போன் பண்ணுங்க. எடுப்பேன். வாண்டுவைக் கூட்டிக்கிட்டு நானே வரேன், மூணு பேரா அந்தப் புல்லு மேல நிப்போம். ஷூ போட்டுக்கிட்டு.

அக்கா